உங்கள் கற்கள் கழுத்தேறிய விவரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, என் மகளும் தங்கள் மருமகளுமானவள் ஆகிய மூவரும், மேற்படி மருமகளின் வலது மணிக்கட்டு நீங்கலாக, சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாகவும், தங்கள் கல் மெருகேற்றும் எந்திரம் வழக்கம்போல் நிற்காமலும் இருக்கும் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் தாங்கள் அதைத் திருத்தி விடுகிறீர்கள். முப்பத்து மூன்று வருடம் தலைமை ஆசிரியராக இருந்தவர், பழக்கம் விடாது, நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இது குறுக்கே யாரும் பேசாமல் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டிய விஷயம். ஆகவே கடிதம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் வருவதைப் படித்துத் தங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும். ஜெயித்துவிட்டோம். மேசை நம்முடையது.

அந்த மேசை லேசில் கிடைத்ததல்ல என்பது தங்களுக்கே தெரியும். மாதத்தின் முதல் சனிக்கிழமை பொதுமண்டபத்தில் நடக்கும் கைவினைச் சந்தையில் ஒரு மேசைக்காக உங்கள் மருமகள் இரண்டு வருடம் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். மேசை கொடுத்தாலும் அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு, கையால் செய்து முடித்த பொருள் முப்பது மேசைமேல் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மேசை வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். இவள் மறுபடி வரிசையின் வால். அடுத்து நின்றவர் மெழுகுவர்த்தி செய்கிற ஒரு அம்மாள். வேலையை விட்டுவிட்டுக் கல் பதக்கம் செய்யப் போகிறேன் என்று உங்கள் மருமகள் சொன்னபோது இரண்டு வீட்டிலும் ஆளுக்கு ஆள் புத்தி சொன்னோம். வாயைத் திறக்காதவர் தாங்கள் ஒருவர்தான். அதற்குப் பதிலாக, தாங்களே மாதக்கணக்கில் உருட்டி மெருகேற்றிய நாற்பது கற்களை, ஒவ்வொன்றையும் ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கப்போட்டு, எண் எழுதி, கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்து அனுப்பினீர்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை நாங்கள் மூன்று பேரும் எத்தனை முறை படித்தோம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். 'எண் 4: அமைதியானது. கவனித்தால் பிரகாசிக்கும்.' 'எண் 14: நல்ல குணம். இடது ஓரத்தில் பிடிவாதம்.' 'எண் 31: தொடக்கத்தில் சுமார். ஆறாவது வாரத்தில் வியக்கத்தக்க முன்னேற்றம்.' கல்லுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிய ஒரே மனிதர் என் சம்பந்தி என்று நான் தெருவில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன், பெருமையாகத்தான்.

நாற்பதில் பதினொரு கல்லைப் பதக்கமாக்கி முடித்திருந்தாள். சந்தைக்கு எட்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பரண் மேலிருந்து கம்பிச் சுருளை எடுக்க ஸ்டூலில் ஏறினாள், ஸ்டூல் சாய்ந்தது, கீழே கையை ஊன்றி விழுந்தாள். அந்த ஸ்டூலுக்குப் போன மாதம் நான்தான் ஒரு கால் மாற்றினேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் மூன்று கால் ஒரு நிறமும் நாலாவது கால் வேறு நிறமுமாக அது கூடத்தின் நடுவில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் என்றார். "எட்டு நாள்ல கழட்ட முடியுமா டாக்டர்?" என்று உங்கள் மருமகள் கேட்டாள். "இன்னொரு கைக்கும் சேத்துப் போட்டுடட்டுமா?" என்றார் அவர்.

அன்று மாலை தாங்கள் போன் செய்தது நினைவிருக்கும். "சம்பந்தி, நான் கிளம்பி வந்துடறேன், எந்திரத்தையும் கையோட எடுத்துட்டு வந்துடறேன்" என்றீர்கள். தங்கள் அன்பு எனக்குப் புரிந்தது. தங்கள் எந்திரமும் எனக்குத் தெரியும்; தகர டப்பாவில் ஆணியைப் போட்டு உருட்டுகிற சத்தத்தோடு அது ஆறு வாரம் ஓடும். "எதுக்கு சம்பந்தி உங்களுக்குச் சிரமம், நான் இருக்கேன்ல. நாப்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் சுத்தினவன், ஒரு கல்லுக்குக் கம்பி சுத்த மாட்டேனா?" என்றேன். அதற்குத் தாங்கள், "சம்பந்தி, கல்லு பேசணும். கம்பி பேசக் கூடாது" என்றீர்கள். அதோடு விட்டீர்களா, "ஓட்டை போடக் கூடாது, பசை ஒட்டக் கூடாது" என்று இரண்டு விதியும் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், உள்ளே கருகின கம்பியை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுத் தாமிரக் கம்பியை ஆயிரம் சுற்றுச் சுற்றி உயிர் கொடுத்து அனுப்புவேன். அப்படிப்பட்ட கையைப் பார்த்துக் கம்பி பேசக் கூடாதாம். ஸ்டூல் கால் ஒரு பக்கம் குத்துகிறது, தங்கள் வார்த்தை ஒரு பக்கம் குத்துகிறது. எட்டு நாளில் பத்தொன்பது பதக்கம் செய்து, அந்த மேசையில் அவளை உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சனிக்கிழமை ஓட்டை போட்டேன்.

விதி போட்டவர் தாங்கள் என்பதற்காகவே போட்டேன் என்று என் மனைவி சொல்கிறாள். அப்படியில்லை. ஓட்டை போட்டு வளையம் மாட்டினால் ஒரு நாளில் முடிந்துவிடும் வேலை என்று பட்டது. உங்கள் மருமகள் சோபாவில் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, "அப்பா, போட்டே ஆகணும்னா கல்லைத் தண்ணிக்குள்ள வெச்சுப் போடணும், இல்லேன்னா சூடேறித் தெறிச்சுடும்" என்று சொல்லத்தான் செய்தாள். தண்ணீருக்குள் மின்சார டிரில்! என் கடைக்கு வந்த மோட்டார்களில் பாதி, தண்ணீர் புகுந்து செத்தவை. குடிக்கிற தண்ணீர்ச் செம்பைக்கூட நான் கடைக்குள் விட்டதில்லை, தாகம் எடுத்தால் வாசலில் நின்று குடித்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். இந்த வயதில் கொள்கையை மாற்றச் சொன்னால் எப்படி? கல்லை ஒரு சொட்டு ஈரமில்லாமல் துணியால் நன்றாகத் துடைத்து, காய்ந்த பலகையில் வைத்து டிரில்லை வைத்தேன். எண் 9 இரண்டாகப் போனது. ஒரு பாதி ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது, மறுபாதி என் டீயில் விழுந்தது. அது அந்தக் கல்லின் குறையாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் எண் 26-ஐயும் வைத்துப் பார்த்தேன். சந்தேகம் முழுசாகத் தீர எண் 31 தேவைப்பட்டது. வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டிய கல், பாவம். மூன்றின் துண்டுகளையும், ஜன்னலுக்கு வெளியே போனதையும் தேடி எடுத்து, அதனதன் தீப்பெட்டியில் பஞ்சிலேயே வைத்திருக்கிறேன். மன்னிப்பை இந்த இடத்தில் கேட்டுவிடுகிறேன், மேலே போக வேண்டியிருக்கிறது.

ஞாயிறும் திங்களும் எனக்குத் தெரிந்த வேலையில் இறங்கினேன். எண் 22-ஐ எடுத்து, மெல்லிய தாமிரக் கம்பியால் அடுக்கடுக்காக, ஒரு சுற்றின்மேல் ஒரு சுற்று ஏறாமல், அடுக்குக்கு நடுவே காகிதம் கொடுத்து நூற்றெண்பது சுற்றுச் சுற்றினேன். வார்னிஷில் முக்கி வெயிலில் காய வைத்தேன். மீட்டர் வைத்துக் கம்பி எங்கும் அறுபடவில்லை என்று உறுதிசெய்தேன். சும்மா சொல்லக் கூடாது, நாற்பது வருடத்தில் அவ்வளவு சுத்தமான வேலை நான் செய்ததில்லை. கொண்டுபோய் உங்கள் மருமகளின் இடது கையில் வைத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, கல்லு எங்கே?"

"உள்ள இருக்கு."

"வெளிய தெரியலியே."

"தெரியாது. அதான் வேலை சுத்தம்."

"வாங்கறவங்க உள்ள கல்லு இருக்குன்னு எப்படிப்பா நம்புவாங்க?"

"எடை போட்டுப் பாக்கட்டும்."

அவள் சிரித்தாள். மாவுக்கட்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சுவரில் தொங்குகிற தேதிக் காலண்டரைப் பார்த்தாள். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

சரி, சுற்று அதிகமானால்தானே தொல்லை, குறைத்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை ஐந்து கற்களுக்கு ஆறே ஆறு சுற்று, குறுக்கும் நெடுக்குமாக. கல் நன்றாகத் தெரிந்தது. பார்க்க லட்சணமாகவும் இருந்தது. ஆனால் அதிரவைத்துப் பார்க்காமல் எந்தப் பொருளையும் நான் வெளியே அனுப்பியதில்லை. ஐந்து பதக்கங்களையும் துணி துவைக்கிற எந்திரத்தின் பக்கவாட்டில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, துணி பிழிகிற ஓட்டத்தில் வைத்தேன். மூன்றாவது நிமிடம் எண் 14 கம்பிக் கூட்டைவிட்டுப் புறப்பட்டு, என் காதோரமாகப் போய், கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் மோதியது. கடிகாரம் பதினொன்றே காலில் நின்றுவிட்டது. கல்லில் ஒரு கீறல் கிடையாது. இடது ஓரத்தில் பிடிவாதம் என்று தாங்கள் எழுதியது முற்றிலும் உண்மை. மற்ற நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று குளியலறை வாசல்வரை உருண்டன. என் மனைவி ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டுவந்து தீப்பெட்டியில் வைத்தாள்.

அன்று மாலை உங்கள் மருமகள் போனை மடியில் வைத்துக்கொண்டு இடது கட்டைவிரலால் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். யாருக்கு என்றேன். "மண்டபத்துக்குத்தாம்பா. மெழுகுவர்த்தி அக்காவுக்கே மேசையைக் குடுத்துடட்டும். கடைசி நேரத்துல சொன்னா அவங்களுக்கும் கஷ்டம்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. இரண்டு வருடம் காத்திருந்த பொருளை யாரோ ஊர்பேர் தெரியாத அம்மாளுக்குச் சிரமம் வரக் கூடாது என்று எடுத்துக் கொடுக்கிறாள். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் பொறும்மா, ஒரே ஒரு நாள்" என்று போனைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நாளைக்கு என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

புதன்கிழமை காலையில் எனக்கு, வேறு யாருக்கும் அல்ல, எனக்கு, ஒரு யோசனை வந்தது. மோட்டாருக்குள் காயில் சுற்றி முடித்ததும் கம்பிக் கற்றைகள் இரண்டு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றை அப்படியே விட்டால் மோட்டார் ஓடுகிறபோது நடுங்கி, உரசி, எரிந்துவிடும். அதற்காக அந்தக் கற்றையைச் சுற்றி நூலால் ஒரு கட்டுப் போடுவோம். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் காதுக்குள் நுழைந்து இழுபட்டு வரும். நடுவில் ஓரிடத்தில் அறுந்தால்கூட மிச்சம் அவிழாது. கடையில் இந்தக் கட்டு வேலை மட்டும் எப்போதும் உள்ளே போய்த்தான் வரும், அதாவது, உள்ளறையில் வெளிச்சம் நன்றாக இருக்கும். அந்தக் கட்டுதான் நமக்குக் கைகொடுத்தது. கல்லின் விளிம்பைவிட ஒரு நூல் அளவு சின்னதாக, கல்லின் வடிவத்திலேயே கம்பியில் இரண்டு வளையம். ஒன்று முன்னால், ஒன்று பின்னால், நடுவில் கல். இரண்டு வளையத்தையும் ஓரம் நெடுக அந்த நூல் கட்டால் இழுத்துச் சேர்த்துவிட்டால் கல் ஜன்னலில் உட்கார்ந்த மாதிரி இரண்டு பக்கமும் முழுசாகத் தெரியும். ஓட்டை இல்லை. பசை இல்லை. உங்கள் இரண்டு விதியும் காப்பாற்றப்பட்டன, மூன்று கல் தவிர.

உங்கள் மருமகள் இடது கை விரலால் கல்லின் ஓரத்தைத் தடவி, "இங்க வளைங்க, இங்க நிமித்துங்க" என்று சொல்லச் சொல்ல நான் வளையம் வளைத்தேன், பிறகு நான் கட்டினேன், நாளுக்கு ஆறு. என் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோப்பது, பிடித்துக்கொள்வது மாதிரியான சில்லறை உதவிகள் செய்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் பதக்கத்தை அந்தத் துணி துவைக்கிற எந்திரத்தில் தொங்கவிட்டேன். துணி பிழிந்து முடிந்தது, எந்திரமே இரண்டடி நகர்ந்துவிட்டது, கல் இம்மி அசையவில்லை. உங்கள் மருமகள் அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். திரும்பி வந்து போனைக் கேட்டாள். நான் பயந்துபோனேன். "மண்டபத்துக்குச் சொல்லப்போறேன்பா, சனிக்கிழமை எட்டரைக்கே வந்துடறோம்னு" என்றாள்.

எட்டு மணிக்கே போய்விட்டோம். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பதக்கங்களைப் பரப்பி, எட்டே முக்காலுக்கு எண்ணினால் இருபத்தொன்பது. மறுபடி எண்ணினாலும் இருபத்தொன்பது. மூன்று நாளைக்கு ஆறு ஆறாகப் பதினெட்டு, முன்னால் செய்த பதினொன்று, கூட்டினால் முப்பது என்று அந்த நிமிடம்வரை மூன்று பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். கூட்டியது நான். மெழுகுவர்த்தி அம்மாள் தன் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி மரியாதையாக நின்றார். நல்ல மாதிரி மனுஷி, எங்கள் பக்கமே பார்க்காமல் கூரையைப் பார்த்தார். ஒன்பது அடிக்க மூன்று நிமிடம் இருக்கிறபோது மண்டபத்துச் செயலாளர், விரலால் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணுகிற ரகம், எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தார். என் சட்டைப்பையில் எண் 22 இருந்தது. விற்பதற்காக எடுத்துவரவில்லை; அந்த நூற்றெண்பது சுற்றை வீட்டில் விட்டுவர மனசு வரவில்லை, அவ்வளவுதான். எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தேன்.

செயலாளர் விரல் இருபத்தொன்பதைத் தாண்டி அதன்மேல் நின்றது. "இது என்ன சார்?"

"பதக்கம்."

"கல் பதக்கம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. கல்லு எங்க?"

அப்போது என் மகள், கவனியுங்கள் சம்பந்தி, என் மகள், பையிலிருந்து உங்கள் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். எண் 22 எழுதிய பக்கத்தைப் பிரித்து, அவர் முன்னால் வைத்து, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தாள்: "எண் இருபத்திரண்டு. திறமை உண்டு. வெளிக்காட்டத் தயக்கம்."

முதலில் சிரித்தது மெழுகுவர்த்தி அம்மாள்தான். அடக்கப் பார்த்து முடியாமல், பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செயலாளர் எண் 22-ஐக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டு, "முப்பது" என்று எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். மெழுகுவர்த்தி அம்மாள் எங்களிடம் வந்து, "எனக்கு அடுத்த மாசம் கிடைச்சுடும், பரவாயில்ல. அந்தத் தயக்கத்தை மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, எனக்கு வேணும்" என்றார். அன்றைக்கு முதலில் விற்றதும், அவர் கழுத்தில் ஏறியதும் அதுதான்.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வேன்! வருகிறவர்கள் எல்லாரும் மற்ற கற்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தைக் கத்தரித்து அந்தந்தப் பதக்கத்தின் கீழே வைத்துவிட்டோம். இதற்கும் மன்னிக்க வேண்டும். அதன்பிறகு ஒருவருக்கும் நிறம் வேண்டியிருக்கவில்லை, பளபளப்பு வேண்டியிருக்கவில்லை, குணம்தான் வேண்டியிருந்தது. ஒரு அம்மாள் தன் அக்காவுக்குப் பரிசாக எண் 14-ஐ எடுத்து, 'பிடிவாதம்' என்ற சொல்லின் கீழே பேனாவால் கோடும் போட்டு வாங்கிப்போனார். ஒருவர் எண் 4-ஐத் தன் மனைவிக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அமைதின்னு போட்டிருக்கே, இது சரியா வருமா?" என்று கேட்டு அங்கேயே வாங்கிக் கட்டிக்கொண்டார். மூன்று மணிக்கு மேசைமேல் வெள்ளைத் துணியைத் தவிர ஒன்றும் கிடையாது. கல் பேசியது சம்பந்தி. உங்கள் கையெழுத்தில்தான் பேசியது என்றாலும் பேசியது.

ஆனால் கம்பியும் பேசியது, அதையும் கேளுங்கள். தையல் வகுப்பு நடத்துகிற ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடி மாதிரி பிடித்துக்கொண்டு ஓரத்து நூல் கட்டையே கால் மணி நேரம் பார்த்தார். "இப்படி ஒரு கட்டு நான் எங்கயுமே பாத்ததில்லையே, யார் போட்டது?" என்றார். "நான்தான்" என்றேன். செயலாளரும் வந்து நின்றார், பத்துப் பேர் கூடிவிட்டார்கள். நான் பேசினேன். நாற்பது வருடம் இந்தக் கட்டு மோட்டாருக்குள் போய், மேலே மூடி வைத்து, எட்டுத் திருகாணி முடுக்கி, வெளியே போயிருக்கிறது. மோட்டார் நன்றாக ஓடினால் ஒருவரும் திறந்து பார்க்கப் போவதில்லை. எரிந்துபோய்த் திறந்தால் கட்டும் கரியாகியிருக்கும். ஆகமொத்தம், கண் உள்ள ஒரு மனிதன்கூட அதைப் பார்த்ததில்லை. அதே கட்டு சனிக்கிழமை மண்டபம் முழுக்க, வாசல் வெளிச்சத்தில், ஒவ்வொருவர் கழுத்திலும் நடந்துபோனது. கூச்சமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

செயலாளர் அங்கேயே கேட்டார், மண்டபத்தில் ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று. ஒப்புக்கொண்டேன். வரும் புதன் அல்ல, அதற்கடுத்த புதன் மாலை நாலு மணி. கல்லுக்குக் கட்டுப் போடுவது எப்படி என்று நேரில் செய்து காட்டிச் சொல்லித்தர வேண்டும். பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள், தையலம்மாள் முதல் பெயர். தாங்கள் அவசியம் வர வேண்டும். முதல் வரிசையில் உட்கார்ந்து, கம்பி சுற்றினவன் கை என்ன செய்யும் என்று தாங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அதுவரை எந்திரம் கொண்டுவரும் யோசனை வேண்டாம், கற்கள் மட்டும் வந்தால் போதும், அடுத்த மாதத்துக்கு மறுபடி முப்பது வேண்டும். சிரமம் பார்க்காமல் நோட்டுப் புத்தகமும் ஒன்று எழுதவும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு. மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை நல்லபடியாக முடியட்டும். நம் இரண்டு வீட்டு உறவும் ஓட்டை போடாமலும் பசை ஒட்டாமலும் இப்படியே இறுக்கமாக நிலைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
மேசைக்குரியவளின் தகப்பன்

பி.கு.: உறையில் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துப் பார்க்கட்டும் என்று என் மனைவியிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். கோபிக்கவில்லை. ஒரு கல், இரண்டு வளையம், நூல் எல்லாவற்றையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "வகுப்புக்கு முன்னாடி ஒரு தடவை பழகிப் பாத்துடுங்க" என்றாள். பழகிப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் கல்லும் என் இடது கட்டைவிரலும் ஒன்றாகக் கட்டுப்பட்டு, உங்கள் மருமகள் கத்தரிக்கோல் போட்டுப் பிரிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே மேலே 'நான் கட்டினேன்' என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் 'என் மனைவி கட்டினாள்' என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். தபால் எடுக்கும் நேரம் ஆகிவிட்டது, மறுபடி எழுத முடியாது. தாங்கள் திருத்துவதற்குப் பழகியவர். வளையம் நான் வளைத்தது நிஜம், பதினெட்டுக் கட்டும் அவள் போட்டது. கடையிலும் அப்படித்தான். நான் சுற்றுவேன், உள்ளே கொடுப்பேன், கட்டி வெளியே வரும். புதன்கிழமை யோசனையும் என்னுடையது இல்லை. நான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "கொஞ்சம் நகருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் நூலை எடுத்தாள். மண்டபத்தில் தையலம்மாள் யார் போட்டது என்று கேட்டபோதும் அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். "அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்று இப்போது கேட்டேன். "நீங்க அவ்வளவு சந்தோஷமா பேசி நான் பாத்ததே இல்ல. நடுவுல எதுக்குன்னு விட்டுட்டேன். ஆனா இது வகுப்பு. கத்துக்கணும்னு வர்றாங்க, அவங்களை ஏமாத்தக் கூடாது" என்றாள். செயலாளருக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். வகுப்பை அவள்தான் எடுக்கிறாள். ஒரே நிபந்தனை, நான் அவள் மேசைப் பக்கம் வரக் கூடாது. வந்தால் பேச ஆரம்பித்துவிடுவேனாம்.

தாங்கள் எங்கேயும் அரை மணி முன்னால் போகிறவர். முதல் வரிசையில் உங்கள் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை போட்டு எனக்கு இடம் பிடித்து வையுங்கள். போன வாரம் மூன்று நாளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்கு முன்னால் நாற்பது வருடம் நடுவில் ஒரு கதவு இருந்தது. அந்தக் கட்டு எப்படிப் போடப்படுகிறது என்று நான் இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.